மாறிய பெயரும் மாறாத ஆவணங்களும்

காவேரிப்பட்டினம் என்று எங்கள் ஊரின் பெயரைச் சொன்னால், வெளியூர் அன்பர்கள் பலர் அதைப் பூம்புகார் என்றே எண்ணிக் கொள்கின்றனர். கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையே, தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்த பேரூர் இது. இங்கே காவிரி பாய்வதில்லை. ஊரின் பெயரைக் 'காவேரி' என்று எழுதுவோரும் உண்டு; 'காவிரி' என்று எழுதுவோரும் உண்டு. ஒரே வீட்டின் குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும் மின்கட்டண அட்டையில் வேறு விதமாகவும் இருப்பதைக் கண்டிருக்கிறேன். அதனால் எவருடைய வேலையும் போனதில்லை. ஊரின் பெயருக்குக் காட்டப்படும் இந்தத் தாராளம், மனிதரின் பெயருக்குக் காட்டப்படுவதில்லை.

சில மாதங்களுக்கு முன்பு, என்னிடம் இளங்கலைப் பொருளியல் பயின்ற ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். அன்று வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து நான் வாசித்தது ஓர் ஆண்பெயர். இன்று அவர் திருநங்கை; பெயரும் வேறு. மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழ் பெற்றுவிட்டார். ஆதார் அட்டையிலும் திருத்தம் செய்துவிட்டார். ஒசூர்ப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் பணிக்கான எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் தேறியிருந்தார். சான்றிதழ் சரிபார்ப்பின்போது சிக்கல் எழுந்தது. ஆதாரில் ஒரு பெயர். பிளஸ் 2 மதிப்பெண் பட்டியலிலும் பட்டச் சான்றிதழிலும் மற்றொரு பெயர். அவற்றைத் திருத்தி வர மூன்று வாரம் அவகாசம் தந்தார்கள். மூன்று வாரத்தில் விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்பதைத்தான் அவரால் அறிய முடிந்தது. பணியிடம் பட்டியலில் அடுத்து இருந்தவருக்குப் போயிற்று. இப்போது அதே தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளராக வேலை செய்கிறார்.

அவர் என்னிடம் கேட்டு வந்தது ஒரு கடிதம். பழைய பெயருக்கு உரியவரும் புதிய பெயருக்கு உரியவரும் ஒருவரே என்று, பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் என்ற முறையில் நான் எழுதித் தர வேண்டும். எழுதிக் கொடுத்தேன். "சார், நான் யார் என்பதற்கு ஆட்சியரே கையெழுத்துப் போட்டுவிட்டார். நான்தான் உங்களிடம் படித்தவர் என்பதற்கு இன்னும் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது" என்றார். அந்தச் சொற்கள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடுத்த வழக்கில், 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி அமர்வு வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பை வழங்கியது. தம் பாலினம் எது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்தந்த மனிதருக்கே உண்டு. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால்தான் அங்கீகரிப்போம் என்று அரசு வற்புறுத்த முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே, 2008-இல் அதே ஏப்ரல் 15-ஆம் நாள், நாட்டிலேயே முதன்முறையாகத் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் தமிழ்நாடு.

பின்னர் 2019-இல் நாடாளுமன்றம் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. திருநங்கை, திருநம்பி, இடைப்பாலினத்தவர் உள்ளிட்ட அனைவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாகவே 'திருநர்' என்பதை இங்கே கையாள்கிறேன். 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி, மாவட்ட ஆட்சியர் அடையாளச் சான்றிதழ் வழங்குகிறார். அதில் பாலினம் 'திருநர்' என்று குறிக்கப்படும். ஆண் அல்லது பெண் என்று பதிய விரும்புவோர், சிகிச்சைக்குப் பின் மருத்துவமனைச் சான்றுடன் 7-ஆவது பிரிவின்கீழ்த் திருத்திய சான்றிதழ் பெற வேண்டும். இந்த இரண்டாம் நிலை, 2014 தீர்ப்பின் உணர்வுக்கு மாறானது என்ற விமர்சனம் தொடக்கம் முதலே உண்டு. அது நியாயமான விமர்சனமும்கூட.

எனினும், சட்டத்திலும் 2020 செப்டம்பரில் வெளியான விதிகளிலும் பாராட்டத்தக்கவை பல உள்ளன. 2020 விதிகளின்படி முதல் சான்றிதழுக்கு மருத்துவப் பரிசோதனை கூடாது என்றிருந்தது. விண்ணப்பதாரரின் உறுதிமொழிப் பத்திரமே போதுமானதாக இருந்தது. முப்பது நாள்களுக்குள் சான்றிதழ் தரப்பட வேண்டும். இணையத்தின் வழியாகவே விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றிதழைப் பெற்றவர், பிறப்புச் சான்றிதழ் தொடங்கித் தம் அடையாளம் தொடர்பான எல்லா அரசு ஆவணங்களிலும் முதற்பெயரை மாற்றிக்கொள்ள உரிமையுடையவர் என்று சட்டம் தெளிவாகவே கூறுகிறது.

'உரிமையுடையவர்' என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல் தொடங்குகிறது. மாற்றிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஆனால், மாற்றித் தரும் வேலையை அரசு தானாகச் செய்வதில்லை. ஒவ்வோர் அலுவலகத்துக்கும் அவரே போக வேண்டும். ஆதாருக்கு ஓரிடம்; குடும்ப அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலகம்; வாக்காளர் அட்டைக்கு மற்றோரிடம்; வருமான வரி நிரந்தரக் கணக்கு எண், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், வருங்கால வைப்பு நிதி, தொழிலாளர் ஈட்டுறுதி, பள்ளி மதிப்பெண் பட்டியலுக்குச் சென்னையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம், பட்டத்துக்குப் பல்கலைக்கழகம், பிறப்புப் பதிவுக்கு உள்ளாட்சி அமைப்பு என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வோர் அலுவலகமும் மற்றோர் அலுவலகத்தின் திருத்திய ஆவணத்தைக் காட்டச் சொல்கிறது. எதை முதலில் திருத்துவது என்பதே புதிராகிவிடுகிறது. பெற்றோர் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட ஒருவரிடம் பழைய பிறப்புச் சான்றிதழும் குடும்ப அட்டை நகலும் எங்கிருந்து கிடைக்கும் என்பதை எந்தப் படிவமும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பொருளியலில் இதைப் பரிவர்த்தனைச் செலவு என்போம். பெரு நாட்டுப் பொருளியலாளர் ஹெர்னாண்டோ டி சோட்டோ, 1980-களில் லிமா நகரில் ஒரு சோதனை நடத்தினார். சிறிய தையலகம் ஒன்றைச் சட்டப்படி பதிவு செய்ய எவ்வளவு காலம் ஆகும் என்று தம் குழுவினரை அனுப்பிப் பார்த்தார். 289 நாள்கள் ஆயின. ஏழைகள் சட்டத்துக்குப் புறம்பே தொழில் செய்வது நேர்மைக் குறைவால் அன்று. சட்டத்துக்கு உட்படுவதற்கான விலை அவர்களுக்குக் கட்டுப்படியாகாததால்தான் என்று அவர் விளக்கினார். நம் திருநர்களின் நிலைக்கும் இது பொருந்தும். விண்ணப்பக் கட்டணம் சிறிதாக இருக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒவ்வோர் அலைச்சலும் ஒரு நாள் கூலி இழப்பு. அடிக்கடி விடுப்பு எடுத்தால் வேலையே இழப்பு. மாதச் சம்பளமும் விடுப்புரிமையும் உள்ளவர் தாங்கக்கூடிய இந்தச் செலவு, அவை இல்லாதவரைப் பாதி வழியிலேயே நிறுத்திவிடுகிறது.

இந்தச் செலவு எங்கள் பகுதியில் ஏன் கூடுதலாக உறுத்துகிறது என்பதற்குக் காரணம் உண்டு. ஒசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தொடங்கியது முதல், இந்த வறண்ட எல்லைப் பகுதி உழவிலிருந்து ஆலைக்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்று ஒசூர் அருகே கைப்பேசி உதிரிபாக ஆலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் பணியாற்றுகிறார்கள். போச்சம்பள்ளியில் அமைந்த மின் ஸ்கூட்டர் ஆலை, முழுவதும் பெண்களாலேயே இயங்கும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. பெண்களுக்கு வேலை பெருகுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், இத்தகைய ஆலைகளில் பணிப்பிரிவு, பேருந்து, விடுதி என எல்லாமே ஆவணத்தில் உள்ள பாலினத்தை வைத்தே பிரிக்கப்படுகின்றன. அங்கே அடையாள ஆவணம் என்பது வாயிற்கதவின் சாவி. பெயர் ஓரிடத்தில் ஒன்றாகவும் மற்றோரிடத்தில் வேறாகவும் இருந்தால், கதவு திறக்காது.

வருங்கால வைப்பு நிதியிலும் இதே நிலைதான். தொழிலாளியின் பெயர், பிறந்த நாள், பாலினம் ஆகியவை ஆதாருடன் பொருந்தியாக வேண்டும். பொருந்தாவிட்டால், தாம் சேமித்த பணத்தைத் தாமே எடுப்பது கடினம். நிரந்தரக் கணக்கு எண்ணிலும் முன்பு இதே குறை இருந்தது. ஆதாரில் திருநர் என்ற தெரிவு இருந்தும் வருமான வரிப் படிவத்தில் இல்லாததால், இரண்டையும் இணைக்க முடியாமல் பலர் தவித்தனர். 2018 ஏப்ரலில்தான் அந்தப் படிவம் திருத்தப்பட்டது. ஒரு படிவத்தில் ஒரு கட்டம் இல்லாததும் ஒருவரைப் பொருளாதாரத்துக்கு வெளியே நிறுத்திவிடும் என்பதற்கு இது சான்று.

இதற்கு நம் அண்டை மாவட்டத்துடன் தொடர்புடைய முன்னுதாரணம் ஒன்றும் உண்டு. சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி, காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தபோது, பெயர் மூலச் சான்றிதழ்களுடன் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. படிவத்தில் அவருக்கான பாலினக் கட்டமும் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் நீதிமன்றப் படியேறிய அவருக்குச் சாதகமாக, 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரலில் அவர் தருமபுரியில் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார். அவருடைய வெற்றியை நாம் கொண்டாடினோம், கொண்டாடியது சரியே. ஆனால், ஒரு பணிக்கு விண்ணப்பிப்பதற்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், போக முடியாமல் நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி எழுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆண், பெண் அல்லாத 'மற்றவர்' பிரிவில் இந்தியா முழுவதும் 4,87,803 பேரும் தமிழ்நாட்டில் 22,364 பேரும் பதிவாயினர். அத்தனை பேரும் வழக்குத் தொடுக்க முடியாது.

எல்லைப் பகுதி என்பதால் எங்களுக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. இங்குள்ள குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் பெங்களூரு மருத்துவமனைகளில் பிறந்திருப்பார்கள். படித்தது ஒசூரிலோ கிருஷ்ணகிரியிலோ. வேலை மீண்டும் அத்திப்பள்ளியிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ இருக்கும். பிறப்புப் பதிவு கர்நாடகத்தில், மதிப்பெண் பட்டியல் தமிழ்நாட்டில் என்றால் இரண்டு மாநில அலுவலகங்களை அணுக வேண்டும். ஆட்சியரிடம் விண்ணப்பிப்பவர் அந்த மாவட்டத்தில் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வசித்திருக்க வேண்டும் என்பது விதி. ஆண்டுக்கு ஒருமுறை வேலையும் வாடகை அறையும் மாறும் தொழிலாளிக்கு இது எளிதன்று. சலுகைகளிலும் வேறுபாடு உண்டு. கர்நாடகம் 2021-இல் அரசுப் பணிகளில் திருநருக்கு ஒரு விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கியது. நல வாரியத்தில் முன்னோடியான தமிழ்நாட்டில், எல்லாச் சமூகப் பிரிவுகளுக்கும் பொதுவான அத்தகைய உள் ஒதுக்கீடு இன்னும் வரவில்லை.

பிறப்புச் சான்றிதழ் குறித்துக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் அளித்த தீர்ப்பு நாம் கவனிக்க வேண்டியது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில், பதிவு தவறாக இருந்தால்தான் திருத்தலாம் என்று உள்ளது. பிறந்தபோது எழுதியது தவறு அன்று. எனவே திருத்த இயலாது என்று பதிவாளர் மறுத்திருந்தார். 2019 சட்டம் தந்த உரிமையை இந்தக் காரணத்தால் மறுக்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. பதிவுச் சட்டத்தில் உரிய திருத்தம் வரும்வரை, பழைய பெயரும் பாலினமும் புதிய பெயரும் பாலினமும் சேர்ந்து இடம்பெறும் சான்றிதழை வழங்குமாறு உத்தரவிட்டது.

இடைக்கால ஏற்பாடு என்ற அளவில் இது பெரிய முன்னேற்றம். ஆனால், நிரந்தரத் தீர்வாக இது நின்றுவிடக் கூடாது. பதிவேடு வேறு, சான்றிதழ் வேறு. யார் எப்போது என்ன பெயரில் இருந்தார் என்ற தொடர்ச்சி அரசின் பதிவேட்டில் இருக்கட்டும். தேவை ஏற்பட்டால் நீதிமன்றமோ காவல் துறையோ பார்த்துக்கொள்ளட்டும். வீட்டு உரிமையாளரிடமும் ஆலைப் பணியாளர் பிரிவிலும் வங்கி முகப்பிலும் காட்டப்படும் சான்றிதழில் பழைய பெயர் எதற்கு? அதைக் காட்டும் ஒவ்வொரு முறையும் தம் வாழ்க்கை வரலாற்றை அறிமுகமில்லாதவரிடம் சொல்லும் கட்டாயத்துக்கு அவர் ஆளாகிறார். 2023 அக்டோபர் 1 முதல் பிறப்போருக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை ஆகியவற்றுக்குப் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்றாகியுள்ளது. எனவே, இந்தக் கேள்வியின் கனம் வருங்காலத்தில் கூடுமே தவிரக் குறையாது.

எதிர்வாதங்களையும் புறக்கணித்துவிட முடியாது. பெயரையும் பாலினத்தையும் எளிதாக மாற்ற விட்டால் கடனாளிகளும் குற்றவாளிகளும் அதைப் பயன்படுத்தித் தப்பிவிட மாட்டார்களா என்று கேட்கிறார்கள். விதிகளிலேயே இதற்கு விடை உள்ளது. திருத்திய ஆவணம், மூல ஆவணத்தின் அதே வரிசை எண்ணைத் தாங்கியிருக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. பெயர் மாறினாலும் எண் மாறுவதில்லை. கடனும் வழக்கும் எண்ணைப் பின்தொடரும். மேலும், எண் கணிதப்படி ஓர் எழுத்தைக் கூட்டிக் குறைத்துப் பெயரை மாற்றிக்கொள்வோர் அறிவிப்புகள் தமிழ்நாடு அரசிதழில் தொடர்ந்து வெளியாகின்றன. அவர்களை எவரும் ஐயுறுவதில்லை. வாழ்க்கை முழுவதையும் பணயம் வைத்துப் பெயர் மாற்றுபவரை மட்டும் ஏன் ஐயுற வேண்டும்?

பெண்கள் விடுதியிலும் பெண்களுக்கான பணியிடத்திலும் பாதுகாப்பு என்ன ஆகும் என்பது மற்றொரு கேள்வி. முதன்முறை வீட்டை விட்டு வரும் பெண்ணின் பெற்றோருக்கு இந்த அச்சம் எழுவதை எள்ளி நகையாடக் கூடாது. ஆனால், விடுதியின் பாதுகாப்பு அங்குள்ள கண்காணிப்பாலும் ஒழுங்கு விதிகளாலும் உறுதியாவது. ஒருவருடைய பட்டச் சான்றிதழில் பழைய பெயரை அப்படியே வைத்திருப்பதால் உறுதியாவதன்று. தனியறை வசதி, புகார் அலுவலர் நியமனம் போன்றவை நிறுவனத்தின் பொறுப்பு. ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று 2019 சட்டமே கூறுகிறது. எத்தனை ஆலைகளில் அவர் இருக்கிறார் என்று தொழிலாளர் துறை கேட்டுப் பார்க்கலாம்.

பிற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன? ஆர்ஜென்டினா 2012-இல் இயற்றிய சட்டத்தின்படி, ஒருவர் பதிவு அலுவலகத்தில் அறிவித்தால் போதும். புதிய பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் வழங்கப்படும். அடையாள எண் மாறுவதில்லை. ஜெர்மனியில் 2024 நவம்பர் முதல் நீதிமன்ற நடைமுறை நீக்கப்பட்டு, பதிவு அலுவலகத்தில் அறிவிப்பதே போதுமென்றாகியுள்ளது. நம் அண்டை நாடான இலங்கையிலும், மருத்துவரின் பாலின அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்த 2016 முதல் வழியுண்டு. மருத்துவச் சான்று தேவைப்படுவது அதன் குறை. மூல ஆவணத்தையே திருத்த வழி செய்தது அதன் நிறை.

தமிழ்நாட்டுக்கு இது இயலாத காரியம் அன்று. திருநர் தலைமையிலான குடும்பத்துக்கும் மகளிர் உரிமைத் தொகை உண்டு என்று விதி செய்த அரசு இது. 2025 ஜூலையில் திருநருக்கான மாநிலக் கொள்கையையும் வெளியிட்டிருக்கிறது. அந்தக் கொள்கை நடைமுறைக்கு வரும்போது நான்கு செயல்களை முதன்மையாகக் கொள்ளலாம்.

முதலாவதாக, ஆட்சியர் சான்றிதழ் வழங்கும்போதே, விண்ணப்பதாரரின் ஒப்புதலுடன் மாநில அரசின் எல்லாத் துறைகளுக்கும் ஆட்சியர் அலுவலகமே தகவல் அனுப்ப வேண்டும். அரசிடம் ஒருமுறை சொன்னால் போதும் என்ற நிலை வர வேண்டும். ஆதார், வங்கி, வைப்பு நிதி போன்ற மாநில அரசுக்கு உட்படாத அமைப்புகளுக்காக, மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் ஆட்சியர் அலுவலகத்தில் அனைத்துத் துறையினரும் ஒரே கூடத்தில் அமரும் முகாம் நடத்தலாம். வாரந்தோறும் திங்கள்கிழமை குறைதீர் கூட்டம் நடத்தும் மாவட்ட நிர்வாகத்துக்கு இது புதிய பழக்கமும் அன்று.

இரண்டாவதாக, பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களுக்குக் காலவரம்பு வேண்டும். ஆவணத் திருத்தத்துக்கு விதிகளில் உள்ள பதினைந்து நாள் வரம்பை அரசுத் தேர்வுகள் இயக்ககமும் பல்கலைக்கழகங்களும் பின்பற்ற வேண்டும். மூன்றாவதாக, பிறப்புச் சான்றிதழில் புதிய பெயர் மட்டும் இடம்பெற்று, பழைய விவரம் பதிவேட்டில் மறைவாக இருக்குமாறு விதி வகுக்கப்பட வேண்டும். நான்காவதாக, தமிழ்நாடும் கர்நாடகமும் ஒன்றன் சான்றிதழை மற்றொன்று மறுகேள்வியின்றி ஏற்கும் உடன்பாட்டுக்கு வர வேண்டும். பன்னிரண்டு மாத வசிப்பு விதியை இடம்பெயர் தொழிலாளர்களுக்குத் தளர்த்துமாறு மத்திய அரசைக் கேட்க வேண்டும். நதிநீருக்கு ஆண்டுக்கணக்கில் வழக்காடும் இரு மாநிலங்களும், எவருக்கும் இழப்பில்லாத இந்தச் செயலிலேனும் ஒன்றுபடலாம்.

2025 அக்டோபரில், பணியிழந்த திருநங்கை ஆசிரியை ஒருவரின் வழக்கில், 2019 சட்டத்தைச் செயல்படுத்துவதில் அரசுகள் காட்டும் அலட்சியத்தை உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சாடியது; ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழுவையும் அமைத்தது. அந்தக் குழுவின் பரிந்துரைக்காகக் காத்திராமல், மாநில அரசும் மாவட்ட நிர்வாகமும் தம் அதிகாரத்துக்குட்பட்ட அளவிலேயே செய்யக்கூடியவைதான் மேலே சொன்னவற்றுள் பெரும்பாலானவை. இவற்றுக்குப் பெருநிதி தேவையில்லை. அலுவலகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் போதும்.

என் பழைய மாணவி அந்தக் கடிதத்தைப் பட்டச் சான்றிதழுக்கான விண்ணப்பத்துடன் இணைத்து அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. ஆட்சியரின் முத்திரை பதித்த சான்றிதழ் கையில் இருக்கும்போது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கடிதத்துக்கு அங்கே வேலையே இருக்கக் கூடாது. அந்த நிலையை உருவாக்குவது அரசின் கடமை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).